தரகர் சொன்ன ஒரே ஒரு குறை

கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்யாணத் தரகர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கே வரன் பார்த்த தரகர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்களிடம் இருந்தார். இருந்தார் என்ன இருந்தார், எங்களைப் படுத்தி எடுத்தார்.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் தொலைதூரக் கல்வி மையம். பல்கலைக்கழகம் எங்கேயோ வேறு ஜில்லாவில் இருக்கும். அதன் பாடப் புத்தகமும் பரீட்சைச் சீட்டும் எங்கள் மாடிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கீழேயிருந்து தேங்காய் பன் வாசனை கிளம்பி வந்தால் பொருளாதாரம் யார் மண்டையில் ஏறும்? எனக்கு அங்கே ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. பெயர்தான் நீளம். கூட்டிப் பெருக்குவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் என் தலையில்தான் விழும். சில நாள் அதுவும் விழும்.

மாணவர்களைச் சேர்த்துவிடும் வேலைக்கு வந்தவர்தான் தரகர். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு தோல்பை, அதற்குள் கட்டுக்கட்டாக ஜாதகம். செல்போனில் ஆப் வந்து அவரவரே பெண்ணும் மாப்பிள்ளையும் தேட ஆரம்பித்ததில் அவர் தொழில் படுத்துவிட்டது.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை புடிக்கறதும் பையனுக்கு டிகிரி புடிக்கறதும் ஒரே சோலிதானுங்க அம்மணி" என்றார் வந்த அன்றைக்கு. நான் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மதுக்கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். சிமெண்ட் ஆலையில் வேலை. பி.காம். வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். தரகர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார்.

"பையன் சாதுங்க அம்மணி. பி.காம். இவனுக்கு ஒத்து வராது. அது சந்தேகப் புத்தி புடிச்ச படிப்பு, எந்நேரமும் கணக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். பி.ஏ. வரலாறு குடுங்க. அது பழைய விசயத்தையே பேசிக்கிட்டு ஒரு மூலையில கெடக்கும். அனுசரிச்சுப் போவும்."

"அண்ணா, இது படிப்பு. சம்சாரம் இல்லை!"

"ரெண்டும் விடிஞ்சா மூஞ்சில முழிக்கறதுதானுங்க."

பையன் வரலாறு எடுத்தான். அந்தத் தடவை எங்கள் மையத்தில் அவன்தான் முதல் மார்க். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

யாராவது பரீட்சையில் கோட்டைவிட்டால் பெயில் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவே மாட்டார். "தள்ளிப் போயிருக்குதுங்க. சில ஜாதகம் அப்புடித்தான்" என்பார். அந்தப் பிள்ளைகளும் என்னமோ சுக்கிர தசை வராததால்தான் புள்ளியியல் வரவில்லை என்பதுபோல நிம்மதியாகப் போவார்கள்.

எங்களிடம் சேருமுன் அவர் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கே போய் வந்திருக்கிறார். நேரில் போய் விசாரிக்காமல் எப்படிப் பெண் கொடுப்பது?

"எதிர்த்தாப்புல டீக்கடையில கேட்டேனுங்க. பக்கத்துச் சலூன்ல கேட்டேன். குடும்பம் நல்ல குடும்பம், சண்டை சச்சரவு கெடையாது. மூத்தவரு மட்டும் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாராமுங்க."

மூத்தவர் என்றால் துணைவேந்தர். ஒரு விழாவில் அவர் பேசி நான் கேட்டிருக்கிறேன். டீக்கடைக்காரர் சொன்னது முழு உண்மை.

"அதெல்லாம் இருக்கட்டும், அங்கீகாரம் இருக்கான்னு கேட்டீங்களா?"

"டீக்கடைக்காரரு நல்லபடியாச் சொன்னாருங்க. அதுக்கு மேல என்னுங்க அங்கீகாரம்?"

அப்படி அவர் விசாரித்துச் சேர்த்துவிட்டவர்களில் ஒருத்திதான் சரசக்கா. பக்கத்து நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே இருந்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. மில்லில் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டன் வேலை காலியாகப் போகிறது, செல்லுபடியாகும் டிகிரி ஒன்று இருந்தால் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதற்காகச் சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடித்து, ஞாயிறு காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். பி.ஏ. கடைசி வருஷம். அந்த நேரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது, அதில் எங்கள் மாடியையும் பார்க்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது.

குழு வருகிற நாள் காலையில், கதவு திறந்த வேகத்தில் மண்டல அதிகாரி வந்து இறங்கினார். பல்கலைக்கழகத்தின் ஆள், டை கட்டியவர். பின்னாலேயே ஒரு மினிடோர் ஆட்டோ நிறையப் புத்தகங்கள்.

"ஏதுங்க சார் இதெல்லாம்?" என்றேன்.

"நம்ம லைப்ரரி மேடம். தெரிஞ்ச காலேஜ்ல கேட்டு வாங்கினது. சாயந்தரம் போயிடும்."

"வேண்டாம் சார், மாட்டிக்குவோம்."

"எல்லா சென்டர்லயும் இதுதான் மேடம் நடக்குது. நீங்க அடுக்குங்க."

தரகருக்கோ தலைகால் புரியவில்லை. அவருக்கு இது பெண் பார்க்க வருகிற வைபவம். கேசரி, பஜ்ஜி சொல்லியாகிவிட்டது. சரசக்காவைப் பட்டுச்சேலையில் வரச்சொல்லி முன்னால் உட்கார வைத்தார்.

"தலையச் சித்தெ குனிஞ்சுக்கோ கண்ணு. கேட்டா மட்டும் பதில் சொல்லு."

"ஏனுங்ணா, பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போயி லெட்டரு போடறோம்னு சொல்லுவாங்களா?" என்றாள் சரசக்கா. முழங்கால் வலியிலும் அவளுக்கு லொள்ளு குறையாது.

இங்கே தரகரின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு மாப்பிள்ளைக்கு வேலை போனதை மறைத்துக் கல்யாணம் முடித்திருக்கிறார். பெண் வீட்டார் அவரை அந்தியூர்க் குதிரைச் சந்தையில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். குதிரைகளே காதைப் பொத்திக்கொள்ளும்படி திட்டு விழுந்ததாம். அன்றைக்கு அவர் ஒரு பாடம் படித்தார்.

"ஒரு குறைய நாமளே முந்திக்கிட்டுச் சொல்லிப்போடோணுமுங்க. பையனுக்குக் கொறட்டை வரும்னு சொன்னாப் போதும். அட, இத்தன யோக்கியனா இருக்கறானேன்னு மத்தத எல்லாம் கேக்காமயே நம்பிக்குவாங்க."

குழுவிடமும் அப்படி ஒரு சின்னக் குறை சொல்லப்போவதாக அவர் அடம்பிடித்தார். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில், பாத்ரூம் தாழ்ப்பாள் சரியில்லை என்று மட்டும் சொல்வது, அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து டெல்லியில் பழகியவர். வந்தார், வகுப்பைப் பார்த்தார், கேசரி சாப்பிட்டார், ஏலக்காய் சரியாக இருக்கிறது என்றார். புத்தக அலமாரியைப் பார்த்து, "பரவாயில்லையே, சின்ன இடத்திலும் நல்ல லைப்ரரி வச்சிருக்கீங்க" என்றார். மண்டல அதிகாரி டையைத் தடவிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

தரகர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு குறை இருக்குதுங்கம்மா..."

நான் தாழ்ப்பாளுக்குக் காத்திருந்தேன். ஆனால் கொங்கு மனுஷனுக்கு மரியாதை ரத்தத்திலேயே ஊறியதல்லவா! சாப்பிடுகிற ஒரு பெரிய மனுஷியிடம் பாத்ரூம் பேச்சு எடுப்பதா என்று கடைசி நொடியில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. அதைவிடக் கௌரவமான குறையாக ஒன்றைத் தேடியிருக்கிறார்.

"இந்தப் புஸ்தகமெல்லாம் இரவலுங்க. சாயந்தரம் திருப்பிக் குடுத்துப்போடுவோம். மத்தபடி ஒரு குறையும் இல்லீங்க."

மண்டல அதிகாரியின் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது. அந்த அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். எழுந்து போய் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். உள்ளே இன்னொரு கல்லூரியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. இன்னும் நாலைந்து புத்தகங்களைப் பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கேசரியை முடிக்காமலே குழு கிளம்பியது.

நான் கத்திய கத்தில் பேக்கரிக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். தரகருக்கோ ஒன்றுமே விளங்கவில்லை.

"இரவல் நகை போடாத கல்யாணம் எதுங்க அம்மணி? அதெல்லாம் ஒரு பெரிய குறைங்களா?"

"ஐயோ அண்ணா! நகைக்கு எவனும் அங்கீகாரம் கொடுக்கிறதில்லை!"

மாடிப்படியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த சரசக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எம் படிப்பு செல்லாதுங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். தரகரின் முகம் செத்துப்போனது. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"நாந்தானே கண்ணு உன்னைய இந்த ஊட்டுல கொண்டாந்து குடுத்தேன்" என்றார். பிறகு திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார். "எந்திரி. ஏர்ப்போர்ட்டுக்குப் போலாம். பொண்ணு பாத்த எடத்துல எவனும் நெசத்தப் பேச மாட்டான். வழியனுப்பற எடத்துலதான் நெசமான பதில் வரும்."

சரசக்காவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அவரைத் தடுக்க நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே விரட்டினேன். அவர் திருச்சி ரோட்டில் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை.

விமான நிலைய வாசலில் அந்த அம்மா காரை விட்டு இறங்கும்போதே தரகர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"அம்மா, மாப்பிள்ளை ஊடு சரியில்லீன்னா இனிமே அந்த ஊட்டுக்குப் பொண்ணே குடுக்கக்கூடாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா தாலி கட்டி ஏறிப்போன பொண்ணு இது. இதைப் போயி செல்லாதுன்னு சொல்லலாமுங்களா? குறை எம்மேலங்க. பொண்ணு மேல ஒண்ணுமில்லீங்க."

அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாருக்குக் கல்யாணம் என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் சரசக்கா முன்னால் வந்தாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

"நாந்தானுங்க மேடம், பி.ஏ. கடைசி வருசம். மில்லுல வேல. ஒரு ஞாயித்துக்கெழம தவறாம வந்திருக்கறனுங்க. புஸ்தகம் வேணா இரவலா இருக்கலாம். நான் படிச்சது இரவல் இல்லீங்க."

அந்த அம்மா கைப்பெட்டியைக் கீழே வைத்தார். "முடிவு என் ஒருத்தி கையில இல்லம்மா. பார்த்ததை எழுதத்தான் செய்வேன். நீ சொன்னதையும் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் காத்திருப்புதான். தரகர் பாதி ஆளாக இளைத்துவிட்டார். கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் "ஏனுங்க அம்மணி, டெல்லில இருந்து தாக்கல் ஏதாச்சும்?" என்று கேட்பார். இல்லை என்றால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். திட்டலாம் என்று போனால்கூட எனக்கு வாய் வராது.

உத்தரவு வந்தது. தொலைதூரப் படிப்புகளில் இனிப் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கலாம், அவர்கள் பட்டம் செல்லும். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க சரசக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்றால் தரகருக்கு வேலை இல்லை. அந்த வரி அவர் காதிலேயே விழவில்லை. கீழே ஓடிப்போய் பேக்கரியில் இருந்தவர்களுக்கெல்லாம் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

வேலை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால், "கட்டிக் குடுத்த பொண்ணு நல்லபடியாக் குடித்தனம் பண்ற வரைக்கும் தரகன் சோலி முடியாதுங்க" என்பார். ஊர் முழுக்க, தான் ஏர்ப்போர்ட்டில் பேசிய பேச்சில்தான் டெல்லியே இறங்கி வந்தது என்று அளந்துகொண்டும் திரிந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பேச்சு நீண்டுகொண்டே போனது.

மண்டல அதிகாரி ஒரு நாள் என்னிடம் போனில் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லை மேடம். இந்த மாதிரி நேரத்துல ஏற்கெனவே சேர்ந்தவங்களை முடிக்க விடறது வழக்கம்தான். யாரும் ஏர்ப்போர்ட்டுக்குப் போகாட்டியும் இதே உத்தரவுதான் வந்திருக்கும்."

அடடா, எனக்கு எப்படி இருந்திருக்கும்! மனுஷன் என்னை எத்தனை ஆட்டி வைத்திருக்கிறார்! அவர் முகத்துக்கு நேரே இதைப் போட்டு உடைக்க வேண்டும் என்று நாக்கு அரித்தது. சமயம் பார்த்துக் காத்திருந்தேன்.

சரசக்கா பட்டச் சான்றிதழோடு வந்த அன்று பேக்கரியில் சமயம் வாய்த்தது. மறுநாள் அவள் வார்டனாக உட்காரப் போகிறாள். சான்றிதழைத் தரகர் கையில் கொடுத்து, "நீங்க அன்னிக்கு வந்து பேசாட்டி இது ஏதுங்ணா எனக்கு?" என்றாள். வாய் ஓயாத அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, ஆமாம்தானே என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பின்னே என்னங்ணா, அந்த அம்மா வாயையே அடைச்சுப்போட்டீங்களே!" என்றேன்.