தலைவர் புதைத்த தங்கப் பல்

அக்டோபர் மாதத்தின் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணி. மபொண்டேரா வீட்டு மாமரத்தடியில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் வருமாறு:

முதுகு சாய்க்க வசதியுள்ள ஒரே நாற்காலியில், தங்கம் தேடுவோர் சங்கத்தின் தலைவர் எலைஜா மபொண்டேரா. கவிழ்த்துப் போட்ட உரலின் மேல், பொருளாளர் டோபியாஸ். தன் வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, புலவாயோ நகரத்துக் கடையிலிருந்து, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் மூன்று கருவிகளோடு வந்திருந்த வூசா. தரையில் விரித்த பாயில், தலைவருக்குச் சற்றுப் பின்னால், மடியில் நோட்டுப் புத்தகத்துடன் செயலாளர் ஜைரோஸ்.

ஜைரோஸ் தலைவரின் மருமகனும்கூட. மாமனார் இருக்கும் இடத்தில் மருமகன் நாற்காலியில் உட்காருவதில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. பன்னிரண்டு வருடங்களில் மாமனாரை அவன் நன்றாக அறிந்திருந்தது முழங்காலுக்குக் கீழேதான்.

சமையல் குடிசை வாசலில், மருமகனுக்கு முறைப்படி முதுகைக் காட்டியபடி, மாமியார் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் சங்க உறுப்பினர் அல்லர். ஆனால் இருந்தார்.

தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னாலுள்ள சிவப்புச் சரிவில் தேடச் சங்கத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதற்கு எந்தக் கருவி? ஆறு குடும்பங்கள் இரண்டு வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒரு கருவிக்குத்தான் போதும். இன்று கடிதம் எழுதி வூசாவிடம் கொடுத்துவிட்டால் கடைக்காரர் வரவழைத்துவிடுவார். பிறகு மாற்ற முடியாது. தப்பான கருவி வந்தால் அடுத்த வருடம் சங்கமே இருக்காது.

"தங்கம் வேணும்," என்றான் வூசா.

"என்னது?"

"ஒரு துண்டுத் தங்கம். எந்த மண்ணுல தேடப் போறீங்களோ அதே மண்ணுல, ஒரு சாண் ஆழத்துல புதைக்கணும். எந்த மெஷின் அதைக் கண்டுபிடிக்குதோ அதுதான் உங்களுது. கடை மேசையில வெச்சு சத்தம் கேட்டு வாங்குறவங்க எல்லாம் அப்புறம் வந்து அழுவாங்க."

"தங்கம் இருந்தா நாங்க ஏன்டா தம்பி மெஷின் தேடுறோம்?" என்றார் டோபியாஸ்.

நியாயமான கேள்வி. இதுவரை கிடைத்த பொடியெல்லாம் விற்றாகிவிட்டது. கல்யாண மோதிரங்கள் பித்தளை. டோபியாஸின் பார்வை சபையைச் சுற்றி வந்து, தலைவரின் வாயில் நின்றது.

"இருக்கே! ஊர்ல இருக்கற ஒரே தங்கம் நம்ம சிங்கத்தோட வாயிலதான இருக்கு!"

சிங்கம் தலைவரின் குலச் சின்னம். டோபியாஸ் குடும்பத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் மூன்று தலைமுறையாகக் கேலி உறவு. தலைவரைச் சபையில், சாவு வீட்டில்கூட, கிண்டல் செய்யும் உரிமை டோபியாஸுக்கு உண்டு. கோபித்துக்கொள்ளும் உரிமை தலைவருக்குக் கிடையாது.

தலைவர் வாயை மூடிக்கொண்டார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்து திரும்பும்போது கட்டிக்கொண்டு வந்த பல் அது. அவர் சிரித்தால் சபை வெளிச்சமாகும். அவரைத் தலைவராக்கியதில் அந்தப் பல்லுக்குப் பாதிப் பங்கு உண்டு.

"பல்லைப் போயி…" என்று ஆரம்பித்தார்.

"யோவ் சிங்கம், போன மாசம் என் ஆட்டை அறுக்கறப்ப என்ன சொன்னே? 'சங்கத்துக்கு முன்னால என்னுது உன்னுதுன்னு எதுவும் கிடையாது'ன்னே. என் ஆடு ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. உன் பல்லு பேசுதோ?"

குடிசை வாசலில் வேர்க்கடலை உடைபடும் சத்தம் நின்றது.

தலைவர் எழுந்தார். "நானே எடுக்கறேன். நானே புதைக்கறேன். யாரும் கூட வர வேணாம்."

சரிவில் ஏறி, ஆளுயரக் கறையான் புற்றுக்குப் பின்னால் மறைந்தார். அங்கிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மண்வெட்டிச் சத்தம். கூப்பிட்டதும் எல்லோரும் போனார்கள். மூன்று கற்களுக்கு நடுவில் புதிதாக மூடிய மண். பக்கத்தில், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி தலைவர்.

பல் போன வாயைச் சபைக்குக் காட்டக் கூச்சப்படுகிறார் என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டி வணங்கினார்கள். ஜைரோஸ் எழுதிக்கொண்டான்: 'காலை 9.40. தலைவர் தம் தங்கப் பல்லைச் சங்கத்தின் பொருட்டுப் புதைத்தார்.'

முதலில் மஞ்சள் கருவி. எடை குறைவு, பார்க்க அழகு. சரிவில் கால் வைத்ததுமே கத்த ஆரம்பித்தது. கல்லுக்குக் கத்தியது, மண்ணுக்குக் கத்தியது, காற்றில் தூக்கிப் பிடித்தபோதுதான் வாயை மூடியது.

"மண்ணுலயே இரும்பு கலந்திருக்கு," என்றான் வூசா. "இது ஆத்து மணலுக்கு, வீட்டு முற்றத்துக்குன்னா தங்கமா வேலை செய்யும். இங்க பைத்தியம் புடிச்சிடும்."

ஜைரோஸின் நோட்டில் மஞ்சளின் பெயர் அடிக்கப்பட்டது.

அடுத்தது கறுப்பு. இதைப் பற்றி வூசா கொடுத்த தாளை ஜைரோஸ் மூன்று முறை படித்திருந்தான். இரும்பேறிய சிவப்பு மண்ணுக்கென்றே செய்தது. தங்கம், இரும்பு என்று தரம் பிரிக்கத் தெரியாது. ஆனால் மண்ணைக் கண்டு ஏமாறாது. வூசா அதன் அடிநுனியிலுள்ள வட்டத் தட்டைத் தரைக்கு மேல் நாலைந்து முறை ஏற்றி இறக்கி மண்ணுக்குப் பழக்கினான். பிறகு சரிவில் நடந்தான். சத்தமே இல்லை. ஜைரோஸுக்கு மனசு நிறைந்தது.

மூன்று கற்களுக்கு நடுவில் தட்டு போனது. அங்கும் சத்தமில்லை.

மறுபடி போனது. குறுக்காகப் போனது. வூசாவின் நெற்றியில் வியர்வை.

"ஐயா, இங்கதான புதைச்சீங்க?"

"என்னைச் சந்தேகப்படுறியா?" கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது குரல். தலைவர் மண்டியிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கிணற்றுக்குள் பார்ப்பவர் போலப் பார்த்து விரலால் காட்டினார். "இங்க! இதோ!"

கறுப்புக் கருவி வீறிட்டது.

"பாத்தியா!" என்று தலைவர் நிமிர்ந்தார். சத்தம் நின்றது. தோண்டினார்கள். ஒன்றுமில்லை. எங்கே என்று தலைவர் குனிந்தார். மறுபடி வீறிட்டது.

"உங்க பெல்ட்டு ஐயா," என்றான் வூசா. "இதுக்கு எல்லா உலோகமும் ஒண்ணுதான். கழட்டிடுங்க."

தலைவர் பெல்ட்டைக் கழற்றினார். ஒரு கையில் கால்சட்டை, மறு கையில் கைக்குட்டை. குனிந்தார். வீறிட்டது.

"ஷூவுல ஆணி இருக்கும்."

ஷூ போனது. அக்டோபர் வெயிலில் சிவப்பு மண் அடுப்பாகக் கொதித்தது. தலைவர் காலை மாற்றி மாற்றி வைத்துக் குனிந்தார். வீறிட்டது. சர்ச் சின்னம் குத்திய தொப்பி போனது. சாவிக்கொத்து போனது. மூக்குப்பொடி டப்பா போனது. ஒவ்வொன்றையும் ஜைரோஸ் நேரம் போட்டு எழுதினான். மாமனாரின் வெறுங்காலை மட்டும் பார்த்துக்கொண்டு.

கடைசியில் வெறுந்தலையும் வெறுங்காலுமாக, கால்சட்டையைப் பிடித்தபடி தலைவர் குனிந்தார். வீறிட்டது.

"இது தங்கம் தேடுற மெஷின் இல்லப்பா, தலைவரைத் தேடுற மெஷின்," என்றார் டோபியாஸ். "எதிர்க்கட்சிக்காரனுக்கு வித்துடு, நல்ல விலைக்குப் போகும்."

ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும் என்றான் வூசா. முழங்கால் ஆழம் தோண்டினார்கள். குவித்த மண்ணின் மேல் கறுப்பைக் காட்டினார்கள். ஊமை. குழிக்குள் காட்டினார்கள். ஊமை. இப்போது கருவியும் தீர்மானமாகவில்லை, பல்லும் காணோம்.

மருமகன் மாமனாரை நேராகக் கேள்வி கேட்க முடியாது. ஜைரோஸ் டோபியாஸ் பக்கம் திரும்பினான்.

"டோபியாஸ் ஐயா, ஒருவேளை ரெண்டடி தள்ளிப் புதைச்சிருக்கலாமான்னு மாமாகிட்டக் கேளுங்க."

"சிங்கம், ரெண்டடி தள்ளிப் புதைச்சியான்னு உன் மாப்பிள்ளை கேக்கறாரு."

மூவரும் ஒரே குழியைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள்.

"மாப்பிள்ளையை எழுதற வேலையைப் பாக்கச் சொல்லு."

"எழுதற வேலையைப் பாப்பியாம்."

மாமியார் தேநீர் அனுப்பினார். ஜைரோஸ் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மாமனாருக்குக் கோப்பையை நீட்டினான். அவர் கைக்குட்டையை விலக்கி வாங்கியபோது, பழக்கமில்லாத தவறாக ஒரு கணம் நிமிர்ந்துவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டான். பாய்க்குத் திரும்பி வந்து வெகுநேரம் பென்சிலைச் சீவினான்.

மிச்சமிருந்தது பச்சை. அதில் சின்னத் திரை உண்டு; கிடைத்த பொருளின் படத்தையே காட்டுமாம். குழிக்கு இரண்டடி தள்ளி, கறுப்பு போகாத மண்ணில் காட்டியதும் பாட்டுப் பாடியது. திரையில் மஞ்சளாக ஒரு மோதிரம் மின்னியது.

"கெடைச்சிடுச்சு!" என்று டோபியாஸ் மண்ணில் விழுந்து துழாவினார். எடுத்துத் துடைத்தார். பீர் பாட்டில் மூடி.

"மஞ்சளாத்தான இருக்கு," என்றார் தலைவர்.

"ஐயா, அது மூடி," என்றான் வூசா, விற்க வந்தவனுக்கு ஆகாத நேர்மையோடு. "இந்த ரகம் மூடியைத் தங்கம்னு சொல்லும், சில நேரம் தங்கத்தை மூடின்னும் சொல்லும். இந்த மண்ணுக்கு…"

"உனக்கு விக்கணுமா வேணாமா? இது பேசவாவது பேசுது. கறுப்பு மாதிரி புதைச்ச எடத்துல ஊமையா இருந்துட்டு, மரியாதையா குனிஞ்ச மனுஷனைப் பாத்துக் கத்தல. பச்சைதான். முடிஞ்சுது. வெயில் ஏறுது."

"அப்ப பல்லு?" என்றார் டோபியாஸ்.

தலைவர் சரிவைப் பார்த்தார். "போனா போகுது. சங்கத்துக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

கைகள் மறுபடி குவிந்து தட்டின. டோபியாஸ் மூக்கை உறிஞ்சினார். "சிங்கம், உன் வாயைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்யா. என் ஆடு வெறும் ஆடு."

ஜைரோஸுக்கு எதிரே அடுத்த வருடம் முழுவதும் தெரிந்தது. ஆறு குடும்பங்களும் சிவப்புச் சரிவில் குனிந்து பாட்டில் மூடி பொறுக்கும் வருடம். ஆனால் மாமனார் சொன்ன தீர்மானத்தை எதிர்த்து மருமகன் கையைத் தூக்க முடியாது.

"கடிதம் எழுதச் சொல்லு மாப்பிள்ளையை," என்றார் தலைவர்.

எழுதினான். பள்ளிக்கூடத்தில் கற்றுத் தந்தபடி, இடமும் தேதியும் மேலே, விஷயம் நடுவில். பிறகு சபைக்குப் படித்துக் காட்டினான்.

"'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் சங்கம் பச்சை நிறக் கருவியைக் கோரத் தீர்மானித்துள்ளது. சோதனை விவரம்: மஞ்சள், எங்கும் ஒலி. பச்சை, பாட்டில் மூடிக்கு ஒலி. கறுப்பு, தலைவர் பல் புதைத்த இடத்தில் ஒலி இல்லை; தோண்டிய குழியிலும் மண்ணிலும் ஒலி இல்லை; தலைவர் முகம் தட்டுக்கு ஒரு சாண் தூரம் வரும்போது ஒலி; நிமிர்ந்தால் நிற்கிறது. பெல்ட் நீக்கிய பின் ஒலி. காலணி, தொப்பி, சாவி, மூக்குப்பொடி டப்பா நீக்கிய பின்னும் ஒலி…'"

"கறுப்பைப் பத்தி எதுக்கு இவ்வளவு நீட்டறாராம்?" என்றார் தலைவர் டோபியாஸிடம்.

"அது எவ்வளவு மோசம்னு கடைக்காரருக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்னு மாமாகிட்டச் சொல்லுங்க."

"சரி, சரி. படிக்கச் சொல்லு."

"'இவ்விவரங்களைத் தாங்கள் படித்து, எங்கள் மண்ணுக்கு வேறு கருவியே ஏற்றது எனக் கருதினால், தங்கள் அனுபவத்துக்குக் கட்டுப்பட்டு அதையே ஏற்போம். இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள.'"

தலைவர் தலையை ஆட்டினார். "கடைசி வரி ரொம்ப மரியாதையா இருக்கு. அப்படித்தான் எழுதணும்." கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். டோபியாஸும் போட்டார்.

உறையின் பசை போன வருடத்து மழையிலேயே போய்விட்டிருந்தது. மாமியார் எழுந்து வந்தார். ஓர் இலையில் கொஞ்சம் சோளக் களியை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். ஜைரோஸ் களியைத் தடவி, உறையின் வாயை மூடி, கட்டை விரலால் நன்றாக அழுத்தினான். வூசா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். செம்புழுதி அடங்கும்வரை எல்லோரும் நின்றார்கள். தலைவர் கால்சட்டையைப் பிடித்தபடி பெல்ட்டைத் தேடிக்கொண்டு சரிவில் ஏறினார். டோபியாஸ் மரியாதையோடு ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

ஜைரோஸ் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, வேர்க்கடலைக் கூடையைப் பார்த்தபடியே மாமியார் சொன்னார்:

"நல்ல கடிதம் மாப்பிள்ளை, கடைக்காரங்க கறுப்பையே அனுப்பிடுவாங்க, அவர் குறட்டை விடறப்பல்லாம் முப்பத்தொரு வருஷமா நான் புடிச்சு இழுத்தும் அசையாத பல்லு, இன்னைக்கு மட்டும் எப்படி வந்துடும்?"