நாற்காலிக்கு நாலு கட்டை

நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என் வலது இடுப்பு மூட்டு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அந்த இடத்தில் உலோக மூட்டு ஒன்று நிரந்தர அடிப்படையில் நியமிக்கப்பட்டது. பழைய மூட்டு பிறந்ததிலிருந்து என்னோடு வேலை பார்த்தது. அதற்கு ஒரு பிரிவுபசாரம் கிடையாது, ஒரு மாலை கிடையாது. எங்கள் அலுவலகத்தில் உதவாக்கரைக்குக்கூட மாலை போட்டுத்தான் அனுப்புவோம்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரின் உத்தரவுகளை என் மனைவி அமலுக்குக் கொண்டுவந்தாள். குனியக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. முக்கியமாக, உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே போகவே கூடாது. எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் குட்டை. அவள் தச்சரைக் கூப்பிட்டு, கைப்பிடி வைத்த நாற்காலியின் நாலு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினாள். மறுநாள் ஒரு மணியும் வாங்கி வந்தாள். மேலே தட்டினால் 'டிங்' என்று அடிக்குமே, அந்த மணி.

"ஏங்க, தொண்டை கிழியக் கத்தாதீங்க. நான் உங்களை அடிக்கிறேன்னு பக்கத்து வீட்டுல நினைக்கிறாங்க. ஏதாவது வேணும்னா இதைத் தட்டுங்க."

பாவம், நல்லதை நினைத்துத்தான் செய்தாள். எங்கள் அலுவலக வழக்கம் அவளுக்குத் தெரியாது. அங்கே கைப்பிடி வைத்த உயர நாற்காலியும் மேஜை மணியும் அதிகாரிகளுக்கு மட்டும்தான். நான் தலைமை எழுத்தர். எனக்குக் கை இல்லாத நாற்காலி. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இருமிக்கொள்ளலாம். நான் இருமி இருமியே தலைமை எழுத்தர் ஆனவன், ஆனால் என் இருமலுக்கு இன்றுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு, இடுப்பெலும்பு தேய்ந்துபோன ஒரே தகுதியில், நாற்காலியும் மணியும் ஒருசேரக் கிடைத்துவிட்டன. தட்டினேன். ஒரு மனுஷி ஓடி வந்தாள்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்புறம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"என்ன வேணும்?"

"தண்ணி."

"கைக்குப் பக்கத்துலதானே வச்சிருக்கேன்?"

"இருக்கு. இருக்குன்னு உன் கவனத்துக்குக் கொண்டுவந்தேன்."

போனாள். டிங்.

"இப்ப என்ன?"

"மின்விசிறி கிரீச்சுங்குது. உரிய நடவடிக்கை எடு."

குனிய முடியாதவனுக்குக் கால் நகம் வெட்டுவதும், காலுறை மாட்டுவதும் அவள்தான். அன்றைக்கும் தரையில் உட்கார்ந்து காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்" என்று என் பாதத்திடம் சொன்னாள். பாதம் பதில் சொல்லவில்லை. நானும் அதைப் பொதுவான கருத்தாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அவளுடைய கோரிக்கை ஒன்று நிலுவையில் இருந்தது. வெளியூரில் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். எந்த நேரமும் வலி எடுக்கலாம். "அம்மா, நீ எப்ப வர்றே?" என்று தினமும் போனில் அழுகை. பிசியோதெரபி சொல்லித்தர வரும் பெண் இதைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னாள்.

"சார் யார் கையையும் பிடிக்காம கேட் வரைக்கும் நடந்துட்டா போதும்மா. நீங்க தைரியமா ஊருக்குக் கிளம்பலாம்."

கேட் கூப்பிடு தூரம்கூட இல்லை. மனது வைத்தால் நடந்திருப்பேன். ஆனால் நடந்தால் கட்டை போகும், மணி போகும், அவளும் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பயம். அதனால் அந்தப் பெண் வரும் நாளெல்லாம் இரண்டு எட்டு வைத்ததும் "ஐயோ!" என்பேன். மனைவி பதறி ஓடி வந்து தாங்குவாள். இதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். அலுவலக வழக்கில் இதற்கு நிர்வாகத் தாமதம் என்று பெயர்.

அப்போதுதான் எங்கள் தட்டச்சர் என்னைப் பார்க்க வந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதால் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். உள்ளே வந்தவர் உயர நாற்காலியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"உட்காருங்க."

"பரவாயில்ல சார். வெள்ளிக்கிழமை எனக்கு ஒருநாள் லீவு வேணும்."

எனக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை. கொடுத்தேன். அவரும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

இது அலுவலகத்துக்குத் தெரிந்து, அதிகாரியே நேரில் புறப்பட்டு வந்தார். எங்கள் சோபா பழசு, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும். அவர் அதில் அமிழ்ந்துபோய், கழுத்தைத் தூக்கி என்னைப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு, சார்?" என்றார். சொன்ன பிறகுதான் தான் யாரை சார் என்றோம் என்று அவருக்கு உறைத்தது. வந்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது: "அலுவலகத்தின் கண்ணியத்தை முன்னிட்டு, எந்த அதிகாரியின் இருக்கையும் அவருக்குக் கீழ்ப்பட்ட ஊழியரின் இருக்கையைவிட, மேற்படி ஊழியர் அலுவலகத்தில் இருப்பினும் அவர்தம் இல்லத்தில் இருப்பினும், தாழ்ந்திருக்கலாகாது."

ஆமாஞ்சாமி தினமும் போனில் நிலவரம் சொன்னார். அதிகாரி தன் நாற்காலிக்கு என்னுடையதைப்போல இரண்டு மடங்கு கட்டை கொடுத்தாராம். அவருக்கு மேலே இருப்பவர் விடுவாரா? அவர் இன்னும் உயர்ந்தார். ஏணி வைத்து ஏறுகிறார்களாம். ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். மேஜை எங்கேயோ முழங்காலுக்குக் கீழே கிடக்கிறதாம்.

"அப்போ வேலை நடக்குதா?" என்றேன்.

"எப்பவும் போலத்தான் சார்."

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. நான் மணியைத் தட்டினேன். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். மனைவி பெட்டியோடு வந்து நின்றாள்.

"மாத்திரை மேஜை மேல இருக்கு. சாப்பாடு கட்டி வச்சிருக்கேன். சாயங்காலம் உங்க தங்கச்சி வந்துடுவா."

"நான் அனுமதியே கொடுக்கலையே! என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதும்மா!"

அவள் நடையைக் கட்டினாள். எனக்கு வந்ததே கோபம்! "நில்லு! நடக்க முடியாத மனுஷனைத் தனியா விட்டுட்டுப் போறியா? இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எப்படி நடப்பேன்? கேக்குதா உனக்கு?"

வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவள் திரும்பி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். நானும் குனியாமல் முடிந்தவரை பார்த்துக்கொண்டேன். என் கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது. கைத்தடி உள்ளே இருந்தது.

"கேட் வரைக்கும் வந்துட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அசதியாகச் சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உள்ள போங்க. மெதுவா போங்க. குனியாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

பேத்தி பிறந்தாள். நான் வேலைக்குத் திரும்பினேன். நான் போவதற்குள் அதிகாரி, கீழே விழுந்த பேனாவை எட்டி எடுக்கப் பார்த்து, பேனாவுக்குப் பக்கத்திலேயே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உலோக மூட்டு, வீட்டில் உயர நாற்காலி, மணி. அவர் மனைவி, எங்கள் மகள் ஊரில் இருந்த என் மனைவிக்குப் போன் செய்தாராம்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேங்கிறார். உங்க வீட்டுக்காரர் எப்படி நடந்தார்? எந்த டாக்டர்?"

"டாக்டர் எல்லாம் எதுக்கும்மா? நீங்க ஒரு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

அன்றைக்கே அதிகாரி, மனைவிக்குப் பின்னாலேயே ரயில் நிலையம் வரைக்கும் நடந்துவிட்டதாகக் கேள்வி. இந்த வைத்தியம் இப்போது எங்கள் அலுவலகக் குடும்பங்களில் வேகமாகப் பரவிவருகிறது. கணவனுக்கு இடுப்பு நன்றாக இருக்கிற வீடுகளில்கூட முயன்று பார்க்கிறார்களாம்.

என் மனைவி இன்னும் திரும்பி வரவில்லை. நான் இப்போது மிக நன்றாக நடக்கிறேன். அவள் வருகிறாளா என்று பார்க்கத் தினமும் தெருமுனை வரைக்கும் போகிறேன்.