மத்திய அரசும் மச்சானும்

தன் வீட்டுக்குள் யார் வந்து தங்கலாம், யார் தங்கக்கூடாது என்பதை இனிமேல் தானே தீர்மானிப்பது என்று குணரத்தினம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தார். கலியாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் அவர் தனியாக எடுத்த முதல் முடிவு அது. பழக்கமில்லாததால் கொஞ்சம் வியர்த்தது.

காரணம் மச்சான் கிருஷாந்த், மனைவி நாகேஸ்வரியின் ஒரே தம்பி. பிரான்சின் தெற்கே துலூசில் இருப்பவன். பாரிசில் வேலை கிடைத்துவிட்டதாம், அறை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் நிற்பானாம். போன முறை "ரெண்டு நாள்" என்று வந்தவன் ஐந்து மாதம் சோபாவில் கிடந்தான். ரெஸ்ரோறண்டில் பத்து மணி நேரம் கோப்பை கழுவிவிட்டு வந்த குணரத்தினம், சாய வேறு இடமில்லாமல் குசினிக் கதிரையில் நிமிர்ந்தபடி நித்திரை கொண்டார்.

வழி காட்டியது அமெரிக்கா. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், தேத்தண்ணிக் கடையில் அன்று அதுதான் சூடான விவாதம். வெளியாட்கள் நாட்டுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அங்கே மத்திய அரசுக்கா, மாநிலங்களுக்கா?

"மத்திய அரசுக்குத்தான்!" மேசையில் அடித்தார் குணரத்தினம்.

மளிகைக்கடை அரியநாயகம் திடுக்கிட்டுப் போனார். "அண்ணை, முப்பது வருசமா இலங்கையிலை மாகாணத்துக்கு அதிகாரம் வேணுமெண்டு ஊர்வலம் போன ஆள் நீங்கள்!"

"அது நாட்டுப் பிரச்சினை. இது சோபாப் பிரச்சினை."

"அவையின்ரை அரசியல் யாப்பிலை குடியுரிமை குடுக்கிறதைப் பற்றித்தான் இருக்காம். உள்ளை விடுறதைப் பற்றி நேராய் ஒரு வரியும் இல்லையாம்."

"கோட்டிலை பெரும்பாலும் மத்திய அரசின்ரை பக்கம்தான் தீர்ப்பு. பிறகென்ன?"

அந்தச் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்து, மகள் அக்‌ஷராவின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தார்.

"நாகேஸ், இஞ்சை வாரும். இந்த வீட்டுக்கு ஒரு யாப்பு எழுதப் போறன்."

"கறி அடுப்பிலை. கெதியாச் சொல்லுங்கோ."

"இஞ்சை ஆர் வந்து தங்கிறதெண்டதை மத்திய அரசுதான் தீர்மானிக்கும்."

"மத்திய அரசு ஆரப்பா?"

"வீடு ஆற்றை பொறுப்போ, அந்த ஆள்." குணரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப மாநிலம்?"

"சமையல், உடுப்புத் தோய்க்கிறது, பிள்ளையின்ரை படிப்பு. இதுகளிலை மத்திய அரசு தலையிடாது. சத்தியமாய்த் தலையிடாது."

"வீடு ஆற்றை பொறுப்போ அந்த ஆள்தான் மத்திய அரசு. இதை அப்பிடியே எழுதுங்கோ."

எழுதினார். கையெழுத்தும் வைத்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவளும் வைத்தாள். விவரமான மனிதன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். குணரத்தினம் சோபாவில் காலை நீட்டிப் படுத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் வேறொரு கடதாசி தேடவேண்டி வந்தது. மறுநாள் காலை ப்ரெபெக்சூர் அரசு அலுவலகத்தில் அவருடைய பத்து வருட விசாக் காட்டைப் புதுப்பிக்க றொந்தேவு, நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலை அக்‌ஷரா வாசித்தாள்.

"பப்பா, விலாசத்துக்கு அத்தாட்சி வேணும். உங்கடை பேரிலை கறண்ட் பில் இருக்கோ?"

இல்லை. தண்ணீர் பில்லும் இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தமும் இல்லை. பிரெஞ்சில் கடிதம் வந்தால் பதில் எழுதுகிற தலையிடி தனக்கு வேண்டாமென்று, வீடு எடுத்த அன்றே எல்லாவற்றையும் மனைவி பெயரில் பதியச் சொன்னவர் சாட்சாத் குணரத்தினம்தான்.

"அப்ப உங்களை இஞ்சை தங்க வைச்சிருக்கிறன் எண்டு அம்மா கடிதம் தரவேணும்."

குணரத்தினம் சோபாவை விட்டு எழுந்தார். குசினி வாசலில் போய் நின்றார்.

"நாகேஸ்... ஒரு சின்னக் கையெழுத்து."

"இஞ்சை தங்கிறதுக்கோ? அது மாநிலத்தின்ரை வேலை இல்லையே."

"பகிடி விடாதையும். காட் போனால் என்ரை வேலை போச்சு!"

"வீடு என்ரை பொறுப்பெண்டு ஒப்பந்தத்திலை கிடக்கு. அப்ப மத்திய அரசு நான்தான். நீங்கள் எழுதின யாப்பப்பா." சட்டியை மூடினாள். "ரெண்டு விண்ணப்பம் வந்திருக்கு. ஒண்டு உங்கடை, மற்றது தம்பியின்ரை. ஆளுக்கொரு சட்டம் வைக்கேலாது. ரெண்டையும் ஏற்கிறதோ, ரெண்டையும் தள்ளுறதோ?"

"அவன் வரட்டும்," என்றார் குணரத்தினம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் பிரெஞ்சில் எழுதியதை அக்‌ஷரா தமிழில் சொன்னாள். "குணரத்தினம் என்பவர் என் வீட்டில் இலவசமாகத் தங்கியிருக்கிறார்."

"இலவசமாயோ!"

"ஃபோமிலையே அப்பிடித்தான் இருக்கு, பப்பா."

காட் வேலை நல்லபடி முடிந்தது. சனிக்கிழமை கிருஷாந்த் மூன்று சூட்கேசோடு வந்து சோபாவில் சாய்ந்தான். மேசையில் கிடந்த கடிதப் பிரதியை எடுத்து இரண்டு தரம் வாசித்தான். பிறகு மிகுந்த அக்கறையோடு திரும்பினான்.

"அத்தான், நீங்கள் இஞ்சை எவ்வளவு நாளைக்கு நிக்கிறதா யோசினை?"