ஏஐ மாத்தயாவுக்குப் பொட்டு

கரவனெல்லைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் நான்காவது ஞாயிறாகக் கம்ப்யூட்டர் கடவுள் எழுந்தருளினார். வாகனம், த்ரீவீலர். பூசாரி, குருவிட்ட ஊர்க்காரன் மதுசன்; அண்மைவரை போன் கவர் விற்றவன். மூலவர், மூலையில் கீறல் விழுந்த ஒரு டெப், அதாவது டேப்லெட்.

"வீட்டுக்கே வருது ஏஐ பிசியோதெரபி! எலும்ப நேரா பாக்குது!" என்று ஒலிபெருக்கி அலறியது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா வாசலில் முழங்கால், முதுகு, இடுப்பு எல்லாம் வரிசை கட்டின. வெறும் ஏஐ என்றால் மரியாதை இல்லையாம். சனம் சிங்களத்து 'ஐயா'வைச் சேர்த்து 'ஏஐ மாத்தயா' என்றது.

முதல் ஆளாகப் புஷ்பம். பால் வெட்டப் போய், சரிவில் வழுக்கி, வலது தோளை முறித்தவள். வீட்டில் தினமும் செய்ய ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்தார்கள். வலித்தது. மாத்தயா முன்னாலோ சும்மா நின்றால் போதும். தடவைக்கு ஆயிரம் ரூபாய். மூன்று புதன்கிழமை கிளினிக்கை விட்டாள். கை இப்போது தோளுக்கு மேல் எழ மறுத்தது. மாதக் கடைசிக்குள் பால்கத்தி பிடிக்காவிட்டால் அவள் வெட்டும் மரங்கள் வேறு ஆளுக்கு.

ஆயுத பூசையில் கத்திக்குச் செய்வது போலவே, டெப்பின் நெற்றியில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தாள். நெற்றியில் இருந்தது கேமரா. மதுசன் திரையைத் தட்டினான்.

"தெரியுது... நல்லா தெரியுது..." என்றது டெப், கொஞ்சமும் அசராமல்.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா, புஷ்பத்தின் நாத்தனார், சிரித்துவிட்டாள்.

"அண்ணி, மாத்தயா கண்ண அடைச்சிட்டீங்களே! எதால பாக்குறாரு?"

"வாய மூடு கலா, சாமி குத்தம்!"

"ஏஐக்கு உள்கண் இருக்கு அக்கா," என்றான் மதுசன்.

"அப்படியா தம்பி?" விஜயகலா பிள்ளைகள் உட்காரும் வாங்கை இழுத்து டெப்பின் முன்னால் போட்டாள். "இதுக்கும் தோள் வலியாம். பாக்கச் சொல்லுங்க."

"நம்பிக்கை இல்லாதவங்க நின்னா சிக்னல் வராது!"

டவரும் பக்தி பார்த்துத்தான் வேலை செய்கிறது போல. விஜயகலா தானே திரையில் 'தோள்' என்றிருந்த பொத்தானை அமுக்கினாள்.

"தெரியுது... நல்லா தெரியுது... போன தடவைய விட நாலு அங்குலம் கூட எழும்புது. சபாஷ்!"

கையே இல்லாத வாங்கு, முதல் தடவையிலேயே பூரண குணம்.

"அடப்பாவி! எனக்கும் அதே நாலு அங்குலந்தானே சொல்லிச்சு!" பின்னாலிருந்து காத்தமுத்து கத்தினார். "எனக்கு முதுகுடா! முதுகு எங்கடா எழும்பும்?"

மற்றப் பொத்தான்களையும் விஜயகலா அமுக்கினாள். எட்டுப் பொத்தான், எட்டு ஒலிப்பதிவு, எல்லாம் மதுசனின் குரல். திரும்பிப் பார்த்தால் த்ரீவீலரின் புகைதான் நின்றது.

புஷ்பம் தன் கையையே பார்த்தாள். "மூணு புதன் போச்சே கலா."

"வார புதன் இருக்கே அண்ணி."

அந்தப் புதன், பிசியோ மிஸ் திட்டிக்கொண்டே கையைப் பிடித்துத் தூக்கினார். புஷ்பம் அலறினாள். கை அரை அங்குலம் கூடுதலாக எழும்பியது. "தினமும் செஞ்சா மாதக் கடைசிக்குள்ள கத்தி பிடிக்கலாம்," என்றார் மிஸ். புஷ்பம் அன்று மாலையே தொடங்கினாள், அலறல் லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டது.

வீட்டிலிருந்தே சரியாகப் பயிற்சி சொல்லித் தரும் ஏஐ உலகத்தில் இருக்கலாம். கண்ணை மறைத்தால் 'ஒன்றும் தெரியவில்லை' என்று அது ஒத்துக்கொள்ளும். ஆகவே மக்களே, அடுத்த மாத்தயா வரும்போது, கும்பிடுவதற்கு முன் கண்ணை மூடிப் பாருங்கள். அவருடைய கண்ணை. உங்களுடையது ஏற்கெனவே போதுமான அளவு மூடித்தான் இருக்கிறது.