புகை சாரின் ஒன்பது முதலாளிகள்

வேலையை விட்ட பிறகு முன்னைவிட அதிக முதலாளிகளுக்குப் பயந்து வாழ்ந்தவர் இந்தக் குமரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் புகை சார்.

திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில், ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு அவர் சூப்பர்வைசர். நான் ஆபீஸ் கிளார்க். ஷீட்டை மோந்து பார்த்து, “இதுல வெறகுக்குப் பதிலா தென்ன மட்ட எரிச்சிருக்கான்” என்பார். எரித்தவன் ஓடி ஒளிவான். புகைக்கூடத்து நெருப்புக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் சாருக்கும் தெரியாது. அவர் மனைவி எல்சியக்கா எங்கள் சர்ச் பாடகர் குழுவில் முக்கியமான குரல். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அதைக் கேட்காத ஒரே ஆள் கட்டின புருஷன்தான்.

“இனி ஞாயித்துக்கெழம எல்சிக்க பாட்டுக்குத்தான் மக்கா” என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கன்சல்டன்ட் ஆனார். சின்னத் தோட்டக்காரர்களின் புகைக்கூடங்களைப் பார்த்து யோசனை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். முதல் பாதி அவருக்குக் கைவந்த கலை. இரண்டாவதுதான் வரவில்லை.

கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

“ஒரு நாளைக்கின்னு கூப்பிட்டேன் சாரே. பதினோரு நாளாச்சு, விடிஞ்சா வந்து நிக்காரு. அஞ்சு மணிக்கி ‘சார், நான் எறங்கட்டா?’ன்னு எனக்கிட்ட கேக்காரு. எனக்க வயசு இருபத்தெட்டு! நேத்து பல்லுவலின்னு லீவு லெட்டர் வேற தந்தாரு. நான் என்ன செய்ய?”

“சாங்ஷன் பண்ணுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை யார் போன் செய்தாலும் எழுந்து நின்று, “இன்னா வந்துட்டேன் சார்” என்று கிளம்பிவிடுவார். எல்சியக்கா கொதித்துவிட்டார்.

“ஒரு மொதலாளிய விட்டுட்டு ஒம்பது மொதலாளிய பிடிச்சிருக்கியளே! சர்ச்சுல அறுப்புப் பண்டிகைக்கி நான் தனியா பாடுதேன். அதுக்கும் வரலேன்னா இனி வீட்டுலயும் பாட மாட்டேன்.”

சார் ஆடிப்போனார். “அவ மீனு வெட்டிட்டே பாடுனாத்தான் எனக்குச் சோறு எறங்கும் மக்கா” என்று என்னிடம் புலம்பினார்.

பண்டிகையன்று சர்ச் வாசலிலேயே போன் வந்தது. யாரோ ஒரு தோட்டக்காரரின் ஷீட்டில் பூசணம் பிடித்துவிட்டதாம், உடனே வர வேண்டுமாம். சார் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“முடியாதுன்னு எப்பிடி மக்கா சொல்லது?”

“முடியாதுன்னே சொல்லுங்க சார்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். “சார்… இன்னைக்கி முடியாது. காத்து போற வழியத் தொறந்து வையுங்க, நாளைக்கி வாறேன்.”

“சரி சார்” என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

“அவ்வளவுதானா?” என்றார், ஏமாந்துபோனவர் மாதிரி.

எல்சியக்கா பாடினார். சார் முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வெளியே வந்ததும், “பாட்டு எப்பிடி சார்?” என்று கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்:

“மீனு வெட்டும்போ இதவிட நல்லா பாடுவா. அவகிட்ட சொல்லிராத.”

நான் இன்றுவரை சொல்லவில்லை. எல்சியக்கா இந்தப் பத்திரிகையைப் படிக்காமல் இருக்க வேண்டும். அந்த நல்ல மனுஷனுக்குத் தினமும் சோறு இறங்க வேண்டும்.