பானைக்குள் பறந்த விமானம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள், திங்கட்கிழமை காலை, சரக்கு லாரிகள் நிறுத்தும் மைதானத்தின் பின்புறம் இருந்த பழைய டயர்க் கடை திறக்கப்படுவதற்கு முன்பே, நெடுந்தூர ஓட்டுநர்கள் தெருமுனை வரை வரிசையில் நின்றார்கள். சாலையில் ஒருவரை ஒருவர் முந்துவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், இங்கே முன்னால் நிற்பவரின் முதுகை இடிக்காமல் நின்றார்கள். போக்குவரத்துக் காவலர்களால் ஆகாத காரியத்தை ஒரு பித்தளைப் பானை சாதித்திருந்தது.

பானையின் உரிமையாளர் விமானச் சாமியார். முன்பு அதே கடையில், தேய்ந்த டயர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் புதிய டயர் என்று விற்றுவந்தவர். தொழிலைப் பெரிதாக மாற்றிக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

வழிமுறை எளியது. வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்புகிறவர் தம் பாஸ்போர்ட்டை வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து எடுத்துவர வேண்டும். தைப்பது வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். தைத்ததை எவரும் பிரிக்கக் கூடாது. மனிதக் கண் பட்டால் விதி கலைந்துவிடுமாம். பொட்டலத்தைப் பானைக்குள் போட்டுவிட்டு, பானையின் வாயில் காதை ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும். யோகம் உள்ளவனுக்கு உள்ளே விமானம் இரையும், இல்லாதவனுக்குக் கேட்காது. இதுவரை எவருக்கும் கேட்காமல் போனதில்லை. ஓட்டுநர் அத்தனை பேருக்கும் வெளிநாட்டு யோகம் என்றால் உள்ளூர் லாரிகளை யார் ஓட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நகர்ந்தால் வரிசையில் இடம் போய்விடும்.

விமானம் இரைந்தால் மட்டும் போதாது. முதல் முறை வந்தால் அது ஓடுபாதையில் நிற்கும். இரண்டாம் முறை ஓடத் தொடங்கும். மூன்றாம் முறைதான் மேலே எழும்பும். ஒவ்வொரு முறைக்கும் காணிக்கை உண்டு. மூன்றாம் பொட்டலத்தில் பாஸ்போர்ட்டோடு கனரக வாகன உரிமத்தையும் சேர்த்துத் தைக்க வேண்டும். சாமியாரின் மச்சான் அதை வாங்கி இரும்புப் பீரோவில் பூட்டிவைப்பார். வேலை உத்தரவு வந்ததும் திருப்பிக் கொடுப்பார். உத்தரவு இதுவரை எவருக்கும் வரவில்லை. அந்த நாட்டில் மூடுபனியாம்.

முன்பே மூன்றாம் பொட்டலம் கொடுத்தவர்கள், உரிமம் இல்லாமல் வண்டியைத் தொட முடியாததால், அதே மைதானத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். உரிமத்தைத் திரும்பக் கேட்டவர்களிடம், எழும்பிய விமானத்தைக் கீழே இறக்க என்ன செலவாகும் என்று மச்சான் சொன்னார். அதன்பின் அவர்கள் கேட்கவில்லை.

அன்று மூன்றாம் முறையாக வந்திருந்தவரைச் சக ஓட்டுநர்கள் பிரேக்கண்ணன் என்று அழைத்தார்கள். லாரியின் பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் ஓயாமல் முறையிட்டதால் கிடைத்த பட்டம் அது. கடைசியாக முறையிட்டபோது முதலாளி கணினியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

“ஹாரன் வேலை செய்யுதா?”

“செய்யுதுங்க.”

“அப்புறமென்ன? அடிச்சுக்கிட்டே போ.”

அடித்துக்கொண்டே போனார். ஒரு சரிவில் வண்டி நிற்க மறுத்தது. சாலையோர மணல்மேடு ஒன்று குறுக்கே இருந்ததால் அவரும், எதிரே வந்த பள்ளி வாகனத்தில் இருந்தவர்களும் தப்பினார்கள். மறுநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, வண்டியின் முகப்பு நசுங்கியதற்கு விளக்கம் கேட்டார். தம் இருபதாண்டு உழைப்பின் மீது பிரேக்கண்ணனுக்கு இருந்த மதிப்பு அந்த அறையிலேயே செத்துப்போனது. எந்த நாடானாலும் சரி, இந்த முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

பானை அவருக்குத் தாராளமாக இரைந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருபதாண்டு உட்கார்ந்தவரின் காதில் இரைச்சல் படுக்கையில்கூட ஓய்ந்ததில்லை. அதை அவர் சாமியாரிடம் சொல்லவில்லை, சாமியாரும் கேட்கவில்லை. “இவருக்குக் கேட்ட மாதிரி யாருக்கும் கேட்டதில்ல” என்று சாமியார் ஊரறியச் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது.

இன்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் ராஜினாமாக் கடிதம் மாலையில் முதலாளியின் மேசைக்குப் போகும். அதன்பின் வீட்டில் ஓடும் ஒரே சம்பளம், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மனைவியுடையது. மூன்றாம் முறைக்கு மனைவியும் உடன்வர வேண்டும் என்பது விதி. வந்திருந்தார், கையில் தைத்த பொட்டலத்தோடு.

“சிரிச்ச முகமா இரு” என்றார் கணவர். “வீட்டுப் பொம்பள கண்ணு கலங்குனா பிளேன் எழும்பாதாம்.”

“ஏன், என் கண்ணீரு அவ்வளவு கனமா?”

“கிண்டல் பண்ணாத.”

“பண்ணல. ஒரு சந்தேகம். கேக்கலன்னு யாரையாவது சாமி திருப்பி அனுப்பியிருக்காரா?”

“ஒருத்தரக்கூட இல்ல. அதுதான் அவரு சக்தி.”

முன்னால் நின்ற டேங்கர்காரர் திரும்பினார். “சந்தேகப்படாத தங்கச்சி. எங்க மாமனாருக்கு ஒரு காது சுத்தமா அவுட்டு. அந்தக் காதுலயே பிளேன் கேட்டுச்சாம்.”

“நல்ல காதுல?”

“அதுல ரெண்டு பிளேன்.”

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது.

உள்ளே டயர் நாற்றமும் ஊதுவத்திப் புகையும் ஒன்றையொன்று வெல்ல முயன்றுகொண்டிருந்தன. பொட்டலம் பானைக்குள் போனது. பிரேக்கண்ணன் குனிந்து காதை வைத்தார். வாசலில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“எழும்பிருச்சு சாமி!”

சாமியார் தம் காதையும் வைத்துப் பார்த்தார். “மேற்கு திசை. புது வண்டி. ஏசி கேபின். திட்டாத முதலாளி.”

“பிரேக்கு?” என்று பிரேக்கண்ணனின் வாயிலிருந்து தானாக வந்தது.

“தொட்டா நிக்கும் தம்பி.”

பிரேக்கண்ணனின் கண்கள் நிறைந்துவிட்டன. மச்சான் பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டு அதை எடுத்தார்.

“ஒரு நிமிசம் சாமி. அந்த வேல இந்தப் பொட்டலத்துக்குத்தானே?”

“இதுக்கேதாம்மா.”

“மாத்திச் சொல்ல மாட்டீங்களே?”

“பானை பொய் சொல்லாது.”

“எல்லாரும் கேட்டுக்கங்க” என்று சொல்லி, பையிலிருந்த சிறு கத்தரிக்கோலால் தையலை வெட்டினார்.

“பிரிக்காத! விதி கலஞ்சிரும்!” என்று மச்சான் அலறினார்.

விதி கலையவில்லை. துணிக்குள்ளிருந்து ஒரு மரத்துண்டு மேசைமேல் விழுந்தது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அதைத் தெரியும். சரிவில் நிறுத்திய லாரி உருண்டுவிடாமலிருக்கச் சக்கரத்தின் அடியில் செருகும் கட்டை. இருந்த இடத்தைவிட்டு நகராமலிருப்பதே அதன் ஒரே வேலை. அதுதான் ஏசி கேபினில் அமர்ந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டதாகச் சான்று பெற்றிருந்தது.

“என் மானத்த வாங்கிட்டியே!” என்று பிரேக்கண்ணன் கத்தினார். “பாஸ்போர்ட்டு எங்க? லைசென்சு எங்க?”

“அலமாரியில, துணிக்கு அடியில. பத்திரமா இருக்கு. கத்தாதீங்க.”

சாமியார் அசரவில்லை. “வீட்டுக்காரரு கைபட்ட கட்டைம்மா. அவரு யோகம் அதுல ஒட்டியிருக்கு.”

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இந்த விளக்கத்துக்காகவே காத்திருந்தவர்கள்போலத் தெரிந்தது.

“சரி, கட்டையையும் எடுத்தாச்சு” என்றார் மனைவி. “டேங்கர் அண்ணே, இப்பக் காதை வைங்க.”

டேங்கர்காரர் வைத்தார். அவர் முகம் மாறியது. “இரையுதே!”

“உள்ள என்னண்ணே இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அது பானையோட புனிதம்!” என்றார் மச்சான்.

மனைவி, வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரரிடமிருந்து காலி டீக் கேனை வாங்கினார். கேனிலும் விமானம். யாரோ ஒருவர் போய்க் கழிப்பறையிலிருந்து பிளாஸ்டிக் மக்கை எடுத்துவந்தார். அதில் விமானம் இன்னும் தெளிவாகப் பறந்தது.

“வெளிய லாரி ஓடுது, ஆளுங்க பேசுறாங்க, காத்து அடிக்குது” என்றார் மனைவி. “அந்தச் சத்தமெல்லாம் காலிப் பாத்திரத்துக்குள்ள போனா இப்படித்தான் இரையும். எங்க சலவைக் கூடத்துல வாளியத் தூக்குற ஒவ்வொருத்தியும் தெனம் வெளிநாடு போயிட்டுத்தான் வரா.”

பிரேக்கண்ணன் எதையும் வாங்கிக் கேட்கவில்லை. தம் உள்ளங்கையைக் குவித்துக் காதோடு வைத்தார். விமானம் அங்கேயும் இருந்தது. கையை எடுத்தார். அப்போதும் இருந்தது. நேரே பீரோவின் முன்னால் போய் மச்சானிடம் கையை நீட்டினார்.

“சாவி.”

மச்சான் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். மூட்டை தூக்கிப் பழகிய ஓட்டுநர்கள் இருவர் அவரைத் தூக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். பீரோ திறந்தது. தையல்கள் பிரிந்தன. ஒவ்வொருவரும் தம் உரிமத்திலிருந்த முகத்தைப் பார்த்து, வெட்கப்பட்டு, பையில் வைத்துக்கொண்டார்கள். சாமியார் அந்த நெரிசலில் காணாமற்போனார். எந்த விமானத்தில் என்று தெரியவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் முட்டிமோதி முன்னால் வந்து, அந்த மக் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்.

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டது இது. ராஜினாமாக் கடிதம் முதலாளியிடம் போகவில்லை. அதற்குப் பதிலாக, பிரேக் சரிசெய்யப்படும் வரை அந்த வண்டியை எடுக்கப் போவதில்லை என்ற கடிதம் போனது. அதில் டேங்கர்காரர் உட்படப் பலர் கையொப்பமிட்டார்கள். வெளிநாட்டு வேலை எண்ணத்தைப் பிரேக்கண்ணன் கைவிடவில்லை. முதலாளி யார், வேலை நேரம் எவ்வளவு, சம்பளம் என்ன என்று எழுதிய ஒப்பந்தம் கைக்கு வந்து, அதைக் கணவனும் மனைவியும் கண்ணால் படித்த பிறகே புறப்படுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். அதுவரை எந்தப் பாத்திரத்தின் கருத்தையும் கேட்பதில்லை. காதுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்பதற்காக, அவற்றுக்கு நடுவில் இருப்பதையும் காலிப் பாத்திரமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.