மிட்டாதார் நீட்டிய தட்டு

சேலம் ஜில்லாவில் மேல்நாட்டுச் சங்கீதத்தை ஒரே சாயங்காலத்தில் தொடங்கி, வளர்த்து, முடித்தும் வைத்த பெருமை மேச்சேரிப் பக்கத்துக் குட்டி ஜமீன்தாரான மிட்டாதார் கண்ணுசாமி அவர்களையே சாரும். அவர் தலைவராக இருந்த சங்கீத அபிவிருத்தி சபையின் காரியதரிசி என்ற முறையில் நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன். ஆகையால் இதை அடித்துச் சொல்வேன்.

மிட்டாதாருக்கு ‘ராவ் சாகிப்’ பட்டம் வேண்டியிருந்தது. மனுஷன் அதற்காக மூன்று வருஷமாகத் தூங்கவில்லை. புதிதாக வந்த கலெக்டர் துரைக்குப் பியானோ என்றால் உயிர் என்று யாரோ சொல்ல, மறுவாரமே பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து முப்பது பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டிக்கு ஓலை போயிற்று. பியானோவில் தனி வாசிப்புக்கென்று மிஸ் ஆலிவ் பின்டோ என்ற பெண்மணியும் தருவிக்கப்பட்டார். பட்டத்துக்கான சிபாரிசுப் பட்டியலைக் கலெக்டர் கச்சேரிக்கு மறுநாள் காலையில் அனுப்புகிறார். கச்சேரி நன்றாக நடந்தால் மிட்டாதார் பெயர் இருக்கும்; கெட்டால் இருக்காது. விஷயம் அவ்வளவு சுலபம்.

பந்தலில் முதல் வரிசையில் கலெக்டர். அவருக்கு வலப்புறம் மிட்டாதார். பின்னால் நான். என் பக்கத்தில் வெற்றிலை மண்டி அன்வர் பாட்சா. அவர் சபையின் பொக்கிஷதார்.

ஆரம்பத்தில் மிஸ் பின்டோவுக்கு ரோஜா மாலையும் பட்டுச் சால்வையும் சமர்ப்பிக்கப்பட்டன. மற்ற முப்பது பேருக்கு நாற்காலி சமர்ப்பிக்கப்பட்டது. பிறகு வாசிப்பு தொடங்கியது. கோஷ்டித் தலைவரான துரை ஒரு குச்சியை ஆட்ட, பிடில்களும் குழல்களும் எழுந்து முழங்க, நடுவே பியானோ ஓட, கலெக்டரின் பூட்ஸ் தாளம் போட்டது. மிட்டாதார் அந்தப் பூட்ஸையே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி ஆனதும் துரை குச்சியைத் தாழ்த்தினார். முப்பது பேரும் வாத்தியங்களை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மிஸ் பின்டோ மட்டும் கண்ணை மூடித் தன்னந்தனியாக வாசிக்க ஆரம்பித்தார்.

மிட்டாதார் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமில்லை.

“ஏனுங்க காரியதரிசி, பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“கோவிச்சுக்கிட்டானுங்க.”

“இல்லீங்க, இந்த எடத்துல பியானோ ஒண்டியாத்தான் வாசிக்கோணுமாம். நோட்டீஸ்லயே அச்சடிச்சிருக்கு…”

“நீங்க நோட்டீசு படிச்சவருங்க. நான் நாலு கண்ணாலம் பண்ணி வெச்சவன். மூத்த புள்ள முகூர்த்தத்தன்னைக்கு மேளக்காரங்களுக்கு எலை போட லேட்டாயிருச்சு. நாயனத்தை உறையில போட்டுட்டு இப்படியேதான் உக்கோந்துக்கிட்டாங்க. தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போயி நானே கெஞ்சினதுக்கப்புறந்தான் தாலி ஏறுச்சு. அந்தம்மாளுக்குச் சால்வை போட்டோம். இவனுங்களுக்கு ஒரு வெத்தலை வெச்சமா?”

வைக்கவில்லைதான். நான் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தலைவர் தவறு என்று சொல்வது எங்கள் சபையின் மரபல்ல.

“பாட்சா, வெத்தலை இருக்குதா?”

“வண்டியில ஒரு கூடை இருக்குதுங்க. முப்பது பேருக்குமா?”

“முப்பத்தொண்ணு. குச்சி வெச்சிருக்கற தொரையை உட்டுட்டா அவரு வேற மொறச்சுக்குவாரு.”

மிஸ் பின்டோவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சங்கீத ஞானமில்லாத எனக்கே நெஞ்சை என்னவோ செய்தது. அந்த நேரத்தில்தான் மிட்டாதார் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு, மேடை ஏறினார்.

கோஷ்டியில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். வேலை நேரத்தில் வெற்றிலை கூடாது என்று துரை போட்டிருந்த உத்தரவால் மாதக்கணக்காய் வாடியிருந்தவர்கள். பெரிய மனிதர் குனிந்து நீட்டும்போது வேண்டாமென்பது எந்த ஊர் நியாயம்? ஆளுக்கு ஒரு சுருள் உள்ளே போயிற்று. சிலர் இரண்டு எடுத்தார்கள். பிடில்காரர்கள் விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தந்தியிலேயே துடைத்தார்கள். துரை முதலில் முறைத்தார். கலெக்டர் பார்க்கிறார், இது சர்க்கார் சடங்கு போலும் என்று நினைத்து அவரும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

மிஸ் பின்டோ இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி நடுங்கவிட்டார். மற்றவர்கள் சேர்ந்துகொள்ள அதுதான் அடையாளமாம். துரை குச்சியை உயர்த்தினார்.

ஒருவரும் ஊதவில்லை. எப்படி ஊதுவது? முப்பது கன்னங்களும் புடைத்திருந்தன. சுண்ணாம்பு பூசிய தந்தியில் பிடில் வில்லும் பேசவில்லை. அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே நடுக்கத்தை நீட்டினார். இன்னும் நீட்டினார். கடமை தவறாத ஒரு புல்லாங்குழல்காரர் மட்டும் ஊதினார். அவருக்கு முன்னாலிருந்தவரின் வெள்ளைச் சட்டை சிவந்தது. துரை ஏதோ சொல்ல வாயெடுக்க, அவருடைய சட்டையும் சிவந்தது.

மிஸ் பின்டோ வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பியானோவின் மூடியைச் சாத்தினார். கீழே இறங்கியவர் கன்டோன்மென்டுத் தமிழில் என்னிடம் சொன்னார்: “இதுக்காக மூணு மாசம் பிராக்டீஸ் பண்ணேன் சார். முடிக்க விட்டிருக்கலாம்.” எனக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. இரண்டையும் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் முறைப்படி பதிவு செய்தேன்.

கலெக்டர் மிட்டாதாரைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“முப்பது பேர், சம்பளம் வாங்குகிறவர்கள். எஜமான் குச்சியை ஆட்டுகிறான். ஒருவனும் வாய் திறக்கவில்லை. எப்படிச் சாதித்தீர்?”

“தட்டை நீட்டினேனுங்க. எடுத்துக்கிட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க, சாமி.”

கலெக்டர் சட்டைப் பையிலிருந்து பட்டியலையும் பென்சிலையும் எடுத்தார்.

புது வருஷத்தன்று ராவ் சாகிப் பட்டம் வந்தது. கூடவே, யாரும் கேட்காத ஜில்லா போர்டு தலைவர் பதவியும் வந்தது. போர்டில் இருபத்துநான்கு மெம்பர்கள். மேச்சேரிச் சாலை காகிதத்தில் மூன்று தடவை போடப்பட்டுவிட்டது. தரையில் இன்னும் வண்டி குடைசாய்கிறது. இந்த நான்கு வருஷத்தில் அதைப் பற்றிப் போர்டில் ஒரு கேள்விகூட எழவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த இருபத்துநான்கில் நானும் ஒருவன்.